உழைப்போர்க்கும் உடற்பயிற்சி வேண்டுமா?

மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம் மிகப் பழமையானதோர் ஊர். திருமுதுகுன்றம் என்று முன்னோர் போற்றிய இவ்வூர் விருத்தகிரீசுவரர் கோயிலால் நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. இன்று கடலூர் மாவட்டத்தில் அடங்கிய இவ்வூருக்குப் பீங்கான் தொழிலாலும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் கல்வி நிலையமும் இங்கு உள்ளன. கொலுப் பொம்மைகளும், அகல் விளக்குகளும், மின்சாரப் பியூஸ் கட்டைகளும் இங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்லுகின்றன. சுற்றியுள்ள கிராமங்களோ நெல்லும், மணிலாவும், முந்திரியும் விளைவிக்கும் உழைப்பாளிகளின் ஊர்கள்.

இத்தகைய ஊரில் ஒருவரிடம் சென்று, "ஐயா, தங்களுக்கு நீரிழிவு இருக்கிறது, தினந்தோறும் உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொன்னால் என்ன விடை வரும்? "காலை முதல் மாலை வரை உழைத்து ஓய்ந்து வருகிறோம். எங்களுக்கு உடற்பயிற்சி எதற்கு? அது நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் உத்தியோகஸ்தர்களுக்கன்றோ வேண்டும்?" என்றே பலரும் கேட்பர். இது நியாயமான கேள்வி. இதற்குத் தக்க விடை கூறாமல், "நடங்கள், நடங்கள்" என்று உபதேசம் செய்வதில் பயன் இல்லை. ஆகவே, அக்கேள்வியையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

உழைப்பு மாறிய விதம்

பீங்கான் தொழிலையும் மண்பாண்டத் தொழிலையும் எடுத்துக் கொள்வோம். முன்னாளில் மண்ணை வெட்டிச் சுமந்து, நீர் ஊற்றிக் காலால் மிதித்துப் பதப்படுத்தினர். சக்கரத்தைக் கோலால் சுழற்றினர். விறகைச் சுமந்து சூளையில் அடுக்கினர். உடலின் பெருந்தசைகள் யாவும், சிறப்பாகத் தொடையும் இடுப்பும் முதுகும், நாள் முழுவதும் இயங்கின. இன்று அரைக்கும் வேலையையும் பிசையும் வேலையையும் மின்சார இயந்திரங்கள் செய்கின்றன. கூழாகக் கரைத்த மண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவது, காய்ந்தபின் அச்சின் தழும்பைச் சுரண்டி எடுப்பது, வர்ணம் தீட்டுவது, பியூஸ் கட்டைகளைப் பூட்டி எண்ணிக் கட்டுவது ஆகிய வேலைகளே பலருக்கு எஞ்சியுள்ளன. இவை கண்ணுக்கும் விரலுக்கும் கடினமான வேலைகளே. எனினும், இவற்றைச் செய்பவர் பல மணி நேரம் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கிறார்.

வயலிலும் இதுவே நிலை. ஏற்றமும் கவலையும் போய்ப் பம்புசெட்டு வந்தது. ஏர் போய் டிராக்டர் வந்தது. நடந்து சென்ற தூரத்தை மோட்டார் சைக்கிள் கடக்கிறது. ஆட்டுக்கல்லும் உரலும் மூலையில் கிடக்கின்றன. இம்மாற்றங்களை நாம் குறை கூறவில்லை. முதுகொடியும் பாரத்தை இயந்திரம் இறக்கி வைத்தது நன்மையே. ஆனால் அப்பாரத்தோடு, நாம் அறியாமலேயே நம் உடலுக்குக் கிடைத்து வந்த ஒரு பாதுகாப்பும் இறங்கிவிட்டது. களைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. மாலையில் தோள் வலிப்பதும் கண் எரிவதும் உழைப்பின் அடையாளங்கள்தாம். இருதயம் பயிற்சி பெற்றதற்கு அவை அடையாளம் ஆகா.

இவ்வேறுபாட்டை உலகுக்கு முதன்முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியது லண்டன் மாநகரத்துப் பஸ் ஊழியர்களைப் பற்றிய ஆராய்ச்சியாகும். ஜெர்ரி மாரிஸ் என்னும் டாக்டரும் அவருடைய துணைவர்களும் 1953ஆம் ஆண்டில் அதன் முடிவுகளை வெளியிட்டனர். அந்நகரின் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுவதும் அமர்ந்தே இருந்தார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படிகளில் ஏறி இறங்கியவண்ணம் இருந்தார். ஒரே பஸ், ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத் தரம். அவ்வாறிருந்தும் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தபோதும் அதன் கடுமை குறைந்திருந்தது. இருவரும் உழைப்பாளிகளே. கால்களுக்கு வேலை இருந்ததா இல்லையா என்பதே முக்கியமான வேறுபாடு.

ஆதலின், நம் வாசகர் ஒவ்வொருவரும் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: "என் தொழிலில் நான் டிரைவரா, கண்டக்டரா?" நாற்று நடுபவரும், மண் சுமப்பவரும், நெடுந்தூரம் நடந்து விற்பவரும் கண்டக்டரைப் போன்றவர்கள், அவர்களுடைய உழைப்பிலேயே பயிற்சியும் பெரிதும் அடங்கிவிடுகிறது. வர்ணம் தீட்டுபவரும், தையற்காரரும், கடையில் அமர்ந்திருப்பவரும், வண்டி ஓட்டுபவரும் மற்றவரைப் போன்றவர்கள். அவர்கள் பயிற்சியைத் தனியே தேடிக்கொள்ள வேண்டும்.

நீரிழிவும் இருதயமும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 2023ஆம் ஆண்டில் வெளிவந்தன. அதன்படி நம் நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு உள்ளது. மொத்தம் சுமார் 10 கோடிப் பேர். நீரிழிவின் வாசற்படியில் நிற்போர் இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள். இது பணக்காரர் வியாதி என்றும் பட்டணத்து வியாதி என்றும் கூறும் காலம் மலையேறிவிட்டது.

நீரிழிவு என்றவுடன் பலரும் அஞ்சுவது காலில் ஆறாத புண்ணையும், கண் பார்வை மங்குவதையும்தான். அவ்வச்சம் தகுந்ததே. ஆயினும், நீரிழிவு உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் வகிப்பவை இருதய நோயும், இரத்தக் குழாய் நோய்களுமே. மற்றவர்களை நோக்க, நீரிழிவு உள்ளோர்க்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குவோம். இரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் மிகுந்திருந்தால் இரத்தக் குழாய்களின் உட்சுவர் வழவழப்பை இழக்கிறது. பழுதான அச்சுவரில் கொழுப்பு எளிதில் படிகிறது. கூடவே இரத்த அழுத்தமும் மிகுந்திருந்தால், பழுதான குழாயில் நீரை வேகமாகச் செலுத்துவது போலச் சேதம் பெருகுகிறது. பீடி, சிகரெட், புகையிலை ஆகியவை இத்தீமையை மேலும் வளர்க்கின்றன. இருதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் படிந்த கொழுப்பு ஒரு நாள் வெடித்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து வழி அடைபட்டால் அதுவே மாரடைப்பு. "குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை" என்னும் பழமொழியைப் பீங்கான் ஊரார்க்கு நாம் விளக்கத் தேவையில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டு அமைத்த குடும்பம் அரை நாழிகையில் நிலைகுலைந்துபோவதை நாம் ஊர்தோறும் காண்கிறோம். சம்பாதிப்பவர் ஒருவரே ஆகிய வீட்டில் இது எத்தகைய இடி என்பதைச் சொல்ல வேண்டுமோ?

தசை என்னும் களஞ்சியம்

உண்ட சோறு செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ள வேண்டியவை நம் தசைகளே. தசை என்னும் களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் திறவுகோல் இன்சுலின் என்னும் சுரப்பு நீர். நம் நாட்டில் மிகுதியாகக் காணும் வகை நீரிழிவில் திறவுகோல் இருந்தும் பூட்டு துருப்பிடித்திருக்கிறது; கதவு சரியாகத் திறப்பதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது.

இங்கேதான் உடற்பயிற்சியின் அருமை விளங்குகிறது. தசை இயங்கும்போது இன்சுலினின் உதவி இல்லாமலேயே வேறொரு வழியாகச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அன்றியும், பயிற்சி முடிந்த பின்னரும் ஒரு நாள், சில வேளை இரண்டு மூன்று நாட்கள் வரை, பூட்டின் துரு நீங்கி இன்சுலின் நன்கு வேலை செய்கிறது. அதற்குப் பின் பழைய நிலை திரும்பிவிடும். ஞாயிறு ஒரு நாள் மட்டும் வெகுதூரம் நடந்துவிட்டு வாரம் முழுவதும் அமர்ந்திருப்பது போதாது என்பதற்குக் காரணம் இதுவே. இரண்டு நாட்களுக்கு மேல் தொடர்ச்சியாகப் பயிற்சியை விட்டுவிடலாகாது.

நடையினால் இருதயத்துக்கு வரும் நன்மைகள் இன்னும் பல. இரத்த அழுத்தம் குறைகிறது. இரத்தத்தில் உள்ள தீய கொழுப்புகளுள் ஒருவகை குறைகிறது. குழாய்கள் விரிந்து சுருங்கும் தன்மை சீர்ப்படுகிறது. அதே வேலையை இருதயம் குறைந்த துடிப்பில் செய்யப் பழகுகிறது.

நம் முன்னோரும் இதனை அறியாதவர் அல்லர். சுசுருத சம்ஹிதை என்னும் பழைய மருத்துவ நூல், இனிப்பு நீர் கழியும் நோய் உடையவருக்கு நெடுந்தூர நடையையும், கிணறு வெட்டும் உழைப்பையும் சிகிச்சையாக விதித்துள்ளது. ஆனால் செருப்பு இல்லாமல் நடக்குமாறும் அந்நூல் கூறுகிறது. அப்பகுதியை மட்டும் இக்காலத்தில் பின்பற்றலாகாது. அதன் காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

ஆராய்ச்சிகள் கூறுவன

சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை அவர்கள் நான்கு பிரிவுகளாகப் பிரித்தனர். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில், மூன்று ஆண்டுக் கணக்கில், நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்கு ஆளாயினர். நாள்தோறும் விறுவிறுப்பாக நடந்து, உணவையும் சீர்ப்படுத்திக்கொண்ட பிரிவில் அத்தொகை நூற்றுக்கு 39 ஆகக் குறைந்தது. மெட்பார்மின் என்னும் மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு பயனே கிட்டிற்று. காசு செலவில்லாத நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்கு ஈடாக நின்றன என்பதே இதன் பொருள்.

நீரிழிவு ஏற்கெனவே வந்தவர்களின் நிலை என்ன? பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2011இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, முறையான பயிற்சியால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு நூற்றுக்கு 0.67 பங்கு குறைகிறது என்றும், வாரத்துக்கு 150 நிமிடங்களுக்கு மேல் பயிற்சி செய்தோரிடம் 0.89 பங்கு குறைகிறது என்றும் காட்டிற்று. சாப்பாட்டுக்குப் பின் நடப்பதன் பயனை நியூசிலாந்து நாட்டார் 2016இல் கண்டனர். ஒரே தடவையாக 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை மேலும் குறைந்தது. இராச் சாப்பாட்டுக்குப் பின் நடந்ததன் பயன் எல்லாவற்றிலும் சிறந்திருந்தது.

எனினும், பயிற்சியின் பெருமையைப் பேசும்போது அதன் எல்லையையும் சொல்வது நம் கடமை. அமெரிக்காவில் நீரிழிவும் அதிக எடையும் உடைய 5,145 பேரிடம் நடத்திய மாபெரும் ஆராய்ச்சியின் முடிவு 2013இல் வெளிவந்தது. உணவுக் கட்டுப்பாட்டையும் வாரத்துக்கு 175 நிமிடப் பயிற்சியையும் மேற்கொண்டவர்களுக்கு எடை குறைந்தது, உடலின் வலு கூடிற்று, சர்க்கரையும் சீர்ப்பட்டது. ஆனால் சுமார் பத்தாண்டுக் காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் எண்ணிக்கை மற்றப் பிரிவினரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இரு பிரிவினரும் இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் உரிய மருந்துகளை உண்டு வந்தனர் என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? நடை நல்ல மருந்து; ஆனால் அது தனி மருந்து அன்று. "நான்தான் தினம் நடக்கிறேனே" என்று இரத்த அழுத்த மாத்திரையையும், கொழுப்பு மாத்திரையையும் நிறுத்துவது பெருந்தவறு. "நான்தான் மாத்திரை சாப்பிடுகிறேனே" என்று அமர்ந்தே இருப்பதும் தவறு. இரண்டும் ஏரில் பூட்டிய இரு மாடுகள். ஒன்று படுத்தால் சால் நேராகாது.

எவ்வளவு, எவ்வாறு?

வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை என்பது இன்று உலக மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தால் இது நிறைவேறும். விறுவிறுப்பு என்பதை அளக்கக் கருவி வேண்டுவதில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியலாகாது. அதுவே சரியான வேகம். சைக்கிள் மிதிப்பதும் இவ்வாறே நற்பயன் தரும்.

பழக்கம் இல்லாதவர் முதல் நாளே அரைமணி நேரம் நடக்க முற்பட வேண்டா. முதல் வாரம் காலை உணவுக்குப் பின் பத்து நிமிடமும் இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடமும் போதும். பிறகு வாரந்தோறும் ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். தொடக்கத்தில் ஐந்து நிமிடமும் முடிவில் ஐந்து நிமிடமும் மெதுவாக நடப்பது நன்று.

தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். களஞ்சியம் பெரிதானால் சர்க்கரைக்கு இடமும் பெரிதாகும் அன்றோ? நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது, சுவரில் கைகளை ஊன்றி உடலைச் சாய்த்து நிமிர்வது, இரு கைகளிலும் தண்ணீர் நிரப்பிய சிறு பாட்டில்களைத் தூக்கி இறக்குவது ஆகியவை வீட்டிலேயே செய்யத்தக்கவை. மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்கலாகாது.

அமர்ந்து வேலை செய்வோர் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு மூன்று நிமிடம் உலவ வேண்டும். பட்டறை முதலாளிகள் இதனைச் சோம்பல் என்று கருதலாகாது. அச்சில் ஊற்றிய மண்கூழ் கெட்டிப்படும்வரை காத்திருக்கும் நேரத்தையே இதற்குப் பயன்படுத்தலாம். பீங்கான் தூள் நிறைந்த அறைக்குள் உலவாமல் வெளியே நல்ல காற்றில் உலவுவது நுரையீரலுக்கும் நலம்.

எச்சரிக்கைகள்

சாதாரண நடையைத் தொடங்கப் பெரும்பாலோர்க்குத் தனிப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஆனால் நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மிகுந்த மூச்சுத் திணறலோ காண்பவர்கள், முன்பே மாரடைப்பு வந்தவர்கள், கண்ணின் உட்திரையில் இரத்தக் கசிவு உள்ளவர்கள், காலில் புண் உள்ளவர்கள் ஆகியோர் டாக்டரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர்க்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உண்போர்க்கும் பயிற்சியின்போதோ பின்னரோ சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, கடும்பசி, படபடப்பு, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே நின்று, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் குணம் காணாவிடில் மீண்டும் குடிக்க வேண்டும். இத்தகையோர் வெறும் வயிற்றில் நடப்பதைத் தவிர்த்து, சட்டைப் பையிலோ முந்தானையிலோ சிறிது சர்க்கரை முடிந்து வைத்துக்கொள்வது நலம். நடக்குமுன் சர்க்கரை 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் ஏதேனும் சிறிது உண்ட பிறகே புறப்பட வேண்டும். காய்ச்சல், வாந்தி முதலியவை உள்ள நாளிலும், சர்க்கரை மிக உயர்ந்து உடல் சோர்ந்திருக்கும் நாளிலும் ஓய்வே தகும்.

இனிக் காலைப் பற்றிக் கூறுவோம். நீரிழிவு நாட்பட்டால் பாதங்களில் உணர்ச்சி குன்றுகிறது. முள் தைத்தாலும் தெரிவதில்லை, சுட்டாலும் தெரிவதில்லை. சுசுருதர் காலத்து வெறுங்கால் நடை இன்று ஆகாது என்றது இதனாலேயே. பீங்கான் ஊரில் இவ்வெச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை. உடைந்த சில்லுகள் சிதறிய தரையும், சூளையருகே காய்ந்த தரையும் உணர்ச்சியற்ற பாதத்துக்குப் பெரும் பகை. மண்ணைக் காலால் மிதித்துப் பதப்படுத்துவோர் தமக்கு நீரிழிவு இருப்பின் அவ்வேலையை மற்றொருவரிடம் விடுவது நன்று. நண்பகலில் கோயில் பிராகாரத்துக் கல்தளமும் கொப்புளம் உண்டாக்க வல்லது. ஆகவே கோயிலுக்குக் காலையிலோ மாலையிலோ செல்லலாம். மெத்தென்ற அடிப்பாகமும், பின்பட்டையும் உள்ள செருப்பு அணிய வேண்டும். நாள்தோறும் இரவில் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் கண்ணாலோ கண்ணாடியாலோ பார்க்க வேண்டும். பார்வை மங்கியோர்க்கு வீட்டார் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வெயிலையும் மறக்கலாகாது. சித்திரை, வைகாசி மாதங்களில் இப்பகுதியில் வெப்பம் கடுமையானது. சூளையில் வேலை செய்தவர் அவ்வேட்கையோடேயே நடைப் பயிற்சிக்குச் செல்வது தவறு. உடல் தணிந்து, நீர் அருந்திய பிறகு, விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பின்னரோ நடக்க வேண்டும்.

வலியில்லாத மாரடைப்பு

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை வாசகர்கள் மறக்கலாகாது. நீரிழிவு நரம்புகளைத் தாக்குவதால், சிலருக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலியே தோன்றுவதில்லை. காரணமற்ற வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், தாடையிலோ தோளிலோ முதுகிலோ வேதனை, சொல்லொணாத சோர்வு ஆகியவை மட்டுமே தோன்றக்கூடும். "வாயுத் தொந்தரவு" என்று எண்ணிச் சோடா குடித்துப் படுத்துவிடுவோர் பலர். அவ்வாறு கழியும் ஒவ்வொரு நிமிடமும் இருதயத் தசையின் ஒரு பகுதி அழிகிறது. நீரிழிவு உள்ள ஒருவருக்கு இவ்வறிகுறிகள் திடீரெனத் தோன்றினால் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். 2023ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் தொடங்கப் பெற்ற 'இதயம் காப்போம்' திட்டத்தின் நோக்கமே, பெரிய ஆஸ்பத்திரியை அடையும் முன்னரே கிராமத்துச் சுகாதார நிலையத்தில் முதலுதவி மாத்திரைகளைக் கொடுத்து உயிரைக் காப்பதாகும். நோயாளியைத் தாமே நடந்து வருமாறு விடுவதும், மோட்டார் சைக்கிளில் இருவர் நடுவே அமர்த்தி அழைத்துச் செல்வதும் கூடா.

ஊர் செய்ய வேண்டுவன

தனி மனிதரின் உறுதி மட்டும் போதாது. ஊரும் துணை நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப் பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை இல்லத்துக்கே கொண்டு செல்லும் நோக்கம் உடையது. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நீளமுள்ள நடைப்பாதை ஒன்றை வகுத்தது. மாவட்டத்தில் ஒரு பாதை நல்ல தொடக்கம். ஆயினும் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் பெண் ஒருத்தி நாள்தோறும் அவ்வளவு தூரம் சென்று நடப்பது இயலாது. அவளுக்கு வேண்டியது தன் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அரை மைல் பாதை.

இதனை ஊராட்சிகள் எளிதில் அமைக்கலாம். ஏரிக்கரையிலோ பள்ளி மைதானத்தைச் சுற்றியோ முட்களையும் சில்லுகளையும் அகற்றி, மண்ணைச் சமப்படுத்தி, நிழல் தரும் மரங்களை நட்டு, இரண்டு விளக்குகளும் ஒரு குடிநீர்க் குழாயும் அமைத்தால் போதும். நூறு மீட்டருக்கு ஒரு கல் நாட்டினால் நடப்போர்க்கு ஊக்கம் பிறக்கும். தெரு நாய்களின் தொல்லையும் இருட்டும் பெண்கள் நடப்பதற்குப் பெருந்தடைகள். இவற்றை நீக்குவது ஊராட்சியின் பொறுப்பு. மகளிர் சுய உதவிக் குழுவினர் இரவு உணவுக்குப் பின் கூட்டமாக நடக்கத் தொடங்கினால், தனியே நடக்கக் கூசும் பெண்களும் சேர்ந்துகொள்வர்.

பட்டறைகளிலும் தொழிற்பேட்டையிலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தமும், சர்க்கரையும், இடுப்புச் சுற்றளவும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். நம் நாட்டவரில் ஆண்களுக்கு 90 செண்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டருக்கும் மேல் இடுப்புச் சுற்றளவு இருப்பின் அது எச்சரிக்கைக் குறி. ஒல்லியாகத் தோன்றுபவருக்கும் வயிறு மட்டும் பருத்திருக்கலாம். "எனக்கு உடம்பே இல்லையே" என்று அவர் அலட்சியம் செய்யலாகாது. உணவில் வரகும் கேழ்வரகும் சேர்ப்பது நல்லதே. ஆனால் அவையும் மாவுப்பொருள்களே ஆதலால் அளவு அறிந்து உண்ண வேண்டும்.

முடிவாக, நாம் தொடங்கிய கேள்விக்கு விடை இதுவே. உழைப்போர்க்கும் உடற்பயிற்சி வேண்டும். உட்கார்ந்து உழைப்போர்க்கு அது இன்றியமையாது வேண்டும். நீரிழிவு உடையோர்க்கு மருந்துக்கு நிகராக வேண்டும். பச்சை மண் பாண்டத்தில் கண்ட விரிசலைச் சூளையில் வைக்குமுன் ஈரக்கையால் தடவிச் சரிசெய்துவிடலாம். சுட்டபின் எவராலும் கூட்ட இயலாது என்பதைப் பீங்கான் ஊரார் நன்கு அறிவர். இருதயத்தின் விரிசலும் அத்தகையதே. ஆகவே காலம் இருக்கும்போதே சர்க்கரையைப் பரிசோதித்து, டாக்டர் கொடுத்த மருந்தைத் தவறாமல் உண்டு, நல்ல செருப்பணிந்து, இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடக்கத் தொடங்குவோமாக. வீட்டில் உள்ளவர்களையும் உடன் அழைத்துச் செல்வோமாக.